திரையில் கண்ட சிதம்பரம் பிள்ளை

தூத்துக்குடித் துறையில் சுதேசிக் கப்பல் விட்ட ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையை நினைக்கும் தமிழரிற் பலருக்கு இன்று மனக்கண்முன் தோன்றுவது சிவாஜி கணேசனுடைய முகமே. 1961-ல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படம் செய்த காரியம் இது. அதன் தொண்டை நாம் குறைத்துக் கூற வரவில்லை. புத்தகம் படியாத லட்சக்கணக்கான ஜனங்களுக்குப் பிள்ளையவர்களை அறிவித்தது அப்படமே. ஆயினும், பிள்ளையவர்களின் மெய்யான தோழராகிய மாடசாமிக்கு அதில் ஒரு காதற்கதை புனையப்பட்டிருக்கிறது. எது நடந்தது, எது புனைந்தது என்று பார்ப்பவனுக்கு விளங்காது. சரித்திர விவரணப் படம் எடுப்போரும் இத்தகைய காட்சிகளை இடையிற் சேர்த்துக்கொண்டால் கற்பனை சாட்சியாகி விடுகிறது. நாளை ஒருவன் அக்காதலைப் பொய்யென்று நிரூபிக்கும்போது, செக்கிழுத்ததும் பொய்தானோ என்ற ஐயம் இளைஞர் நெஞ்சில் எழும். இதுவே நம் கவலை. ஆகவே நடந்ததைக் கூறுவோம்.

பிள்ளையவர்கள் 1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். வக்கீல் தொழில் புரிந்தார். முத்துக் குளிப்புக்குத் தொன்றுதொட்டுப் பெயர்போன இக்கரையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் கப்பல் வியாபாரம் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகமாயிருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூ.25. 1907-ல் காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாக இறக்கியது. பின்னர் இனாமாகவே ஏற்றிச்சென்று, ஆளுக்கொரு குடையும் தர முன்வந்தது. சினிமாக்காரர் இட்டுக்கட்டிய ஹாஸ்யம் போலத் தோன்றும் இது நடந்த சங்கதி.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தி வெற்றி தேடித் தந்தார். மார்ச்சு 12-ல் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. எனினும் கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவர் செக்கிழுத்தார். பின்னர்த் தம் சரிதையைத் தாமே செய்யுளாக எழுதியும் வைத்தார். அதைவிடச் சிறந்த விவரணப் படம் வேறென்ன வேண்டும்?

அவர் சிறையிலிருக்கையிலேயே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளிவந்தவருக்குக் கப்பலுமில்லை, வக்கீல் சன்னதுமில்லை. சென்னையில் அரிசிக் கடை வைத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. அதற்காகக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதிக் காத்திருந்தார். ரூ.347-12 அணா 1916-ல் கிடைத்தது. அத்தொகைக்கு அத்தனை நாள் ஏங்கும் வறுமையை எந்தக் கதாசிரியன் கற்பித்திருப்பான்!

ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்காமல் 1920-ல் காங்கிரஸிலிருந்து விலகினார். வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் தயவால் சன்னது மீண்டது. நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வீரகதை புனைவோருக்கு இது சங்கடமாயிருக்கலாம், நமக்கில்லை. வெள்ளை ஆதிக்கத்தோடு போராடியவர் வெள்ளை மனிதனை வெறுத்தவரல்லர் என்பது அவர் பெருமையில் ஒரு பங்கு. 1936 நவம்பர் 18-ல், தம் விருப்பப்படியே, தூத்துக்குடி காங்கிரஸ் காரியாலயத்தில் அவர் உயிர் பிரிந்தது.