சிறை வாசலில் ஒரு வீட்டைத் தேடியவர்



ஒவ்வோர் ஆண்டும் சனவரி 31 அன்று புனித தொன் போஸ்கோவின் திருவிழாவைக் கொண்டாடுகிறோம். சிறுவர்கள் சூழ நிற்கும் அவரது சுரூபத்திற்கு மாலை அணிவிக்கிறோம். ஆனால் அவரை இந்தப் பணிக்குத் திருப்பிய இடங்களுள் முக்கியமானது சிறைச்சாலை என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

யோவான் போஸ்கோ 1815 ஆகஸ்டு 16 அன்று வட இத்தாலியில் பெக்கி என்ற சிற்றூரில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மையார் தம் இரு மகன்களையும், கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகனையும், வயதான மாமியாரையும் தாமே காப்பாற்றினார். அண்ணனோடு மனக்கசப்பு முற்றியபோது, சிறுவன் யோவானை வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வீட்டைப் பிரிந்து வாழும் வேதனையை அவர் சிறு வயதிலேயே அறிந்திருந்தார்.

1841 சூன் 5 அன்று குருவாக அருள்பொழிவு பெற்ற அவர், அதே ஆண்டு தூரின் நகருக்கு வந்தார். அவருடைய ஆன்ம வழிகாட்டியான அருள்தந்தை யோசேப்பு கஃபாசோ அவரை நகரின் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே 12 முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களைக் கூட்டமாகக் கண்டு அவர் அதிர்ந்தார். உடலில் வலுவும் அறிவில் கூர்மையும் கொண்ட அவர்கள் பூச்சிக்கடிக்கும் பசிக்கும் நடுவே வீணே கிடந்தார்கள். நல்வழியில் வாழ உறுதி எடுத்து விடுதலையானவர்களுள் பலர் சில நாள்களிலேயே திரும்பி வந்தார்கள். ஏன் என்று ஆராய்ந்தபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. வெளியே அவர்களுக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை.

எனவே அவர் ஞாயிறுதோறும் சிறுவர்களைக் கூட்டினார். திருப்பலி, மறைக்கல்வி, விளையாட்டு என்று அந்த நாள் கழியும். வார நாள்களில் அவர்கள் வேலை செய்யும் கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் தாமே நடந்து சென்று நலம் விசாரித்தார். 1846 உயிர்ப்புப் பெருவிழாவன்று வால்தோக்கோ பகுதியில் ஒரு கொட்டகை இப்பணிக்கு நிலையான இடமானது. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று, 58 வயதான மார்கரீத்தா அம்மையார் கிராமத்து வாழ்வை விட்டு மகனோடு கால்நடையாகவே தூரின் வந்து சேர்ந்தார். தம் திருமண நகைகளையும் துணிகளையும்கூட அந்த வீட்டுக்காகவே கொடுத்தார்.

தொடக்கம் எளிதாக இல்லை. இரவில் தங்க இடம் பெற்ற சில இளைஞர்கள் விடியுமுன் போர்வைகளைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஆயினும் 1847 மே மாதத்தில் ஒரு மழை இரவில், நனைந்தபடி வந்து நின்ற அனாதைச் சிறுவனை அவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அம்மையார் அவனுக்கு உணவளித்து, சமையலறையிலேயே படுக்கை அமைத்து, தூங்கும் முன் நல்ல வார்த்தைகள் கூறிச் செபிக்கச் செய்தார். சலேசிய இல்லங்களில் இன்றும் இரவில் சொல்லப்படும் நல்லுரையின் தொடக்கம் இதுவே. பின்னர் ஒருநாள், சிறுவர்கள் காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசமாக்கியபோது அம்மையார் மனம் உடைந்து ஊருக்குப் போக எண்ணினார். தொன் போஸ்கோ பதில் ஏதும் சொல்லாமல் சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். அவர் 1856-இல் இறக்கும்வரை அங்கேயே தங்கினார்.

தொழில் கற்கச் சென்ற சிறுவர்களுக்காக தொன் போஸ்கோ எழுத்து வடிவில் ஒப்பந்தங்கள் செய்தார். 1852-இல் ஒரு தச்சரோடு செய்த ஒப்பந்தத்தில், பையனை அடிக்கக்கூடாது, சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதில் பையனின் தந்தையும் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டார். பெற்றோர் இருந்த இடத்தில் தொன் போஸ்கோ அவர்களை ஒதுக்கவில்லை. அவர்களையும் துணை சேர்த்துக்கொண்டார்.

1859-இல் அவர் தொடங்கிய சலேசிய சபை 1906-இல் தஞ்சாவூருக்கும் வந்தது. 1888 சனவரி 31 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 1934-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்புக்குரியவர்களே, இப்புனிதரின் வாழ்வு நம்மைப் பார்த்து ஒரு கேள்வி எழுப்புகிறது. நம் பங்கில் ஒரு பையன் காவல்துறையிடம் சிக்கி, கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பப்பட்டால், அவன் வீட்டை நாம் எப்படி நடத்துகிறோம்? அடுத்த வாரம் அன்பியக் கூட்டம் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்தத் தாய் வெட்கத்தால் ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். வளர்ப்பு சரியில்லை என்று நாம் எளிதாகத் தீர்ப்பிடுகிறோம். தண்டனை பையனுக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் தம்பிக்கும் சேர்த்தே விழுகிறது.

அந்த வீட்டின் கதவைத் தட்டுவது நம் கடமை. அறிவுரை சொல்ல அல்ல, அருகில் உட்கார. மகனைப் பார்க்கச் செல்லும் நாளில் தாய்க்குத் துணையாகப் போகலாம். படிப்பு நின்ற பையனை மீண்டும் பள்ளியில் சேர்க்க உதவலாம். பட்டறையோ கடையோ வைத்திருப்பவர், உரிய வயது வந்தவனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். வீடுகளைச் சந்திக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இதைத் தங்கள் பட்டியலில் முதலில் வைக்கலாம்.

திரும்பி வரும் மகனை ஏற்றுக்கொள்ளும் வலிமை அந்த வீட்டுக்கு வேண்டும். அந்த வலிமையைக் கொடுப்பது பங்குச் சமூகமாகிய நம் கையில் இருக்கிறது. புனித தொன் போஸ்கோவும் அவர் அன்னையும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக. ஆமென்.