பாலைத் திருப்பி அனுப்பிய கெயில் போர்டன்

விடியற்காலையில் கறந்து கொண்டுபோன பாலைக் கொள்முதல் நிலையத்தில் வேண்டாம் என்று திருப்பிவிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுத்தமில்லாத பாலை அப்படித் திருப்பி அனுப்பியே அமெரிக்காவில் பெரிய பால் நிறுவனம் ஒன்றை வளர்த்தவர் கெயில் போர்டன். கடையில் டப்பாவில் விற்கிறார்களே, இனிப்புக் கெட்டிப்பால், அந்தத் தொழிலை அங்கே நிலைநிறுத்தியவரும் இவர்தான்.

1801-ல் நியூயார்க் மாநிலத்தின் நார்விச் ஊரில் பிறந்தார். டெக்சாஸ் போய் நிலம் அளந்தார், பத்திரிகை நடத்தினார், துறைமுகத்தில் சுங்க வரி வசூலித்தார். 1844-ல் மனைவி மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பிறகு மாட்டிறைச்சிச் சாற்றை மாவோடு சேர்த்து, கெட்டுப்போகாத பிஸ்கட் செய்தார். 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் கிடைத்ததே தவிர, சரக்கு விற்கவில்லை. கைப்பொருள் எல்லாம் கரைந்தது.

லண்டனிலிருந்து திரும்பும்போது கப்பலில் இருந்த மாடுகள் நோயில் விழ, பாலில்லாமல் குழந்தைகள் இறந்ததைப் பார்த்துத்தான் பால் பக்கம் திரும்பினார் என்று சொல்வார்கள். பாலைத் திறந்த பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சினால் அடிப்பிடித்துக் கருகல் வாடை வந்துவிடும் அல்லவா? ஷேக்கர் என்ற சமயக் குழுவினர் காற்றை வெளியேற்றிய மூடிய கொப்பரையில் பழச்சாறு வற்றவைப்பதை அவர் பார்த்தார். காற்றழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதி வரும், கருகாது. அதையே பாலுக்குச் செய்து 1856 ஆகஸ்டில் காப்புரிமை வாங்கினார். அப்போது வயது 54.

கனெக்டிகட் மாநிலத்தில் போட்ட இரண்டு ஆலைகளும் பணமில்லாமல் நின்றன. ஜெரமையா மில்பேங்க் என்ற வியாபாரி ரயிலில் அறிமுகமாகிப் பணம் போட்ட பிறகே நியூயார்க் கெட்டிப்பால் நிறுவனம் பிழைத்தது.

அந்தக் காலத்தில் நியூயார்க் நகரில் சாராய ஆலைக் கழிவைத் தின்று நோயில் கிடந்த மாடுகளின் பால்தான் பெருமளவு விற்றது. நீர்த்த அந்தப் பாலில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வெள்ளையாக்கினார்கள். 1858-ல் ஒரு பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. நல்ல பாலுக்கு ஜனங்கள் ஏங்கிய நேரம் அது.

போர்டன் ஆலையில் மட்டும் சுத்தம் பார்த்து நிற்கவில்லை, மாட்டுக் கொட்டகைக்கே போனார். பால் ஊற்றும் விவசாயிகளுக்கு எழுதிக்கொடுத்த விதிகள் இவை: கறக்கும் முன் மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். கொட்டகையைக் கூட்டி, சாணத்தைக் கறக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போட வேண்டும். கம்பிவலை வடிகட்டியைக் காலையும் மாலையும் கொதிநீரில் அலசிக் காயவைக்க வேண்டும். கன்று ஈன்று 12 நாள் ஆகாத மாட்டின் பாலைக் கொண்டுவரவே கூடாது. பால் ஆறாமல் வந்தாலும் வாங்கமாட்டார்கள். விவசாயிகளுக்கு இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கிருமிதான் பாலைக் கெடுக்கிறது என்பது ஊருக்குள் யாருக்கும் தெரியாத காலம் அது; போர்டனுக்கும் தெரியாது. காரணம் தெரியாமலே சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். வற்றவைத்த பாலில் சேர்த்த சர்க்கரையும் அது கெடாமல் காத்தது.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடக்குப் படைக்கு டப்பா டப்பாவாகப் பால் வாங்கினார்கள். வீடு திரும்பிய சிப்பாய்கள் வழியாக அந்த ருசி குடும்பங்களுக்கும் பரவியது. ஆலைகள் பெருகின, சுற்றுவட்ட விவசாயிகளுக்குத் தினமும் பால் போட ஓர் இடம் கிடைத்தது.

போர்டன் 1874 ஜனவரியில் டெக்சாசில் காலமானார். உடலை ரயிலில் நியூயார்க் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். 1899-ல் நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.