கதவைத் திறந்த கார்த்தினி

இந்தோனேசியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 21ஆம் நாள் கார்த்தினி நாளாகக் கொண்டாடப்படுகிறது. இருபத்தைந்து வயதிலேயே மறைந்த ஒரு பெண்மணியை ஒரு நாடே நினைவுகூர்வதற்குக் காரணம் என்ன?

கார்த்தினி 1879ஆம் ஆண்டு ஜாவாத் தீவிலுள்ள ஜெப்பாரா வட்டாரத்தில் பிறந்தார். அப்போது அந்நாடு டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை ஜெப்பாராவின் ஆட்சித் தலைவராகப் பணியாற்றினார். தாய் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அதனால், வீட்டின் தலைமை மனைவி என்னும் தகுதி, உயர்குடியில் பிறந்த இன்னொரு மனைவிக்கே கிடைத்தது. இந்த வேறுபாட்டைக் கண்டே கார்த்தினி வளர்ந்தார்.

டச்சுப் பள்ளியில் ஆர்வத்துடன் பயின்ற அவரது படிப்பு பன்னிரண்டாம் வயதில் நின்றுபோனது. உயர்குடிப் பெண்கள் அந்த வயதுக்குப் பின் திருமணம் வரை வீட்டை விட்டு வெளியே செல்லக்கூடாது என்பது அக்கால வழக்கம். அவருடைய அண்ணன் ஒருவரோ மேற்படிப்புக்காக நெதர்லாந்துக்கே சென்றார்.

வீட்டுக்குள் இருந்தபடியே கார்த்தினி நூல்களையும் இதழ்களையும் படித்தார். டச்சுத் தோழியருக்குக் கடிதங்கள் எழுதினார். கல்வியும் சொந்த வருமானமும் இல்லாத பெண், விரும்பாத திருமணத்தையும் ஏற்க வேண்டியிருப்பதை அவர் உணர்ந்தார். பொருளாதாரத்தின் வலிமையை அவர் ஊரிலும் கண்டார். ஜெப்பாராவின் மரச்சிற்பக் கலைஞர்கள் திறமை மிக்கவர்கள். ஆனால், அவர்களது வருமானம் மிகக் குறைவு. தம் டச்சு நண்பர்கள் வழியாக அவர்களுடைய படைப்புகளுக்கு வாங்குவோரைத் தேடித் தந்தார்.

1903ஆம் ஆண்டு வீட்டிலேயே சிறுமியருக்கான பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர் பயிற்சி பெற அவருக்கு உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால், அதற்குள் ரெம்பாங் ஆட்சித் தலைவருடன் திருமணம் உறுதியாகிவிட்டது. மணமகனுக்கு ஏற்கெனவே மனைவியர் இருந்தனர். பலதார மணத்தை எதிர்த்து எழுதிய கார்த்தினி, பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்கினார். அந்த முடிவு அவருக்கு எளிதாக இருக்கவில்லை. எனினும், கணவரின் ஆதரவைப் பெற்று ரெம்பாங்கிலும் சிறுமியருக்குப் பாடம் நடத்தினார். 1904ஆம் ஆண்டு செப்டம்பரில் மகனைப் பெற்றெடுத்த நான்கே நாள்களில் உயிர் நீத்தார்.

அவருடைய பணி அத்துடன் நின்றுவிடவில்லை. 1911இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தன. அவற்றைப் படித்தவர்கள் நிதி திரட்டினர். ஜாவாவின் பல நகரங்களில் பெண்களுக்கான கார்த்தினி பள்ளிகள் எழுந்தன. 1964ஆம் ஆண்டு இந்தோனேசிய அரசு அவரைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது.

வழக்கம் ஒரு கதவை மூடியது. வறுமை மற்றொரு கதவை மூடியது. கல்வியும் உழைப்புக்கேற்ற ஊதியமும் அவ்விரு கதவுகளையும் திறக்கும் என்று கார்த்தினி நம்பினார். தமக்கு முழுமையாகத் திறக்காத கதவை அவர் பிறருக்காகத் தட்டிக்கொண்டே இருந்தார். இன்று பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு சிறுமியும் அந்த நம்பிக்கைக்குச் சான்று.