சொலிசிட்டர் வராத வக்கீல்

அண்ணல் அம்பேத்கர் வயிற்றுப்பாட்டுக்குக் கோர்ட்டுப் படியேறிய காலத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. லண்டனில் பாரிஸ்டரான அவர், 1923-ல் பம்பாயில் தொழில் தொடங்கினார். சன்னது பெறவே பார்சி நண்பர் நவல் பத்தேனாதான் பணம் தந்தார். உயர் நீதிமன்றத்தில் சொலிசிட்டர் மூலம்தான் பெரிய வழக்குகள் வரும். தீண்டாத சாதி வக்கீலை அவர்கள் தேடி வருவார்களா? மாவட்டக் கோர்ட்டுகளுக்கு அலைந்தார். வருமானம் போதாமல் வணிகச் சட்டமும் கற்பித்தார்.

1926-ல் பிராமணர்களைக் கண்டித்த ஒரு நூலுக்காக பாக்டே, ஜேதே, ஜவல்கர் ஆகியோர் மீது புனேயில் அவதூறு வழக்கு. அதில் அவர்களுக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். வழக்கறிஞர் அம்பேத்கரின் பெயர் பரவியது அதன் பிறகுதான்.

மகாத் குளத்து வழக்கில் அவரே பிரதிவாதி. பத்தாண்டு இழுத்த அந்த வழக்கில், 1937-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் தண்ணீர் எடுக்கும் உரிமை நமக்கும் உண்டென்றது.