மழலையிடம் கற்ற மாண்டிசோரி அம்மையார்

குழந்தைக்குக் கற்பித்தவர் பலர். குழந்தையிடம் கற்றவர் மிகச் சிலர். அச்சிலருள் தலையாயவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலியின் கியாராவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்ட் 31இல் பிறந்த அவர், மருத்துவம் ஆடவர்க்கே உரிய துறையாகக் கருதப்பட்ட காலத்தில், 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மனநோயாளர் விடுதிகளுக்குப் பணி நிமித்தம் சென்ற அம்மையார், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் வெறும் அறைகளில் அடைபட்டிருக்கக் கண்டார். அவர்கள் கைகளுக்குத் தொட்டறிய ஒன்றுமில்லை என்பதே அவர் நெஞ்சைத் தைத்தது. 1900 முதல் அத்தகைய குழந்தைகளுக்கான பள்ளியொன்றில் பணியாற்றினார். அவர்களுட் சிலர் பொதுத்தேர்வில் ஏனைய மாணவரோடு எழுதித் தேறினர். உலகம் வியந்தது, அம்மையாரோ கவலையுற்றார். குறையுடையோர் இவ்வளவு உயர முடியுமாயின், குறையற்ற குழந்தைகளைத் தாழ்த்தி வைத்திருப்பது எது என்னும் வினா அவரை விடவில்லை.

விடை தேடும் வாய்ப்பு 1907இல் வந்தது. உரோமையின் சான் லொரென்சோ ஏழைகளின் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் கட்டடத்தைப் பாழ்படுத்துவதாக உரிமையாளர்கள் வருந்தினர். அக்கட்டடத்திலேயே சனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் தொடங்கப்பெற்றது. வீட்டிற்குள்ளேயே பள்ளி அமைந்தமையால் தாய்மார் எந்நேரமும் வந்து காணலாம். வாரம் ஒருமுறையேனும் ஆசிரியையோடு கலந்து பேசுவது அவர்தம் கடமை. இல்லமும் பள்ளியும் இருவேறு உலகங்களாகப் பிரிந்து நின்றால் இடையில் நலிவது குழந்தையே என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார்.

அங்குக் குழந்தைகளே அவருக்கு ஆசான்கள் ஆயினர். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளிற் பொருத்தும் செயலை நாற்பது முறைக்கும் மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றி நின்றோர் பாடியும் அவள் கவனம் கலையவில்லை. ஆசிரியை வரத் தாழ்த்த ஒரு நாள், பிள்ளைகள் தாமே அலமாரியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டனர். அதன்பின் பூட்டிய அலமாரி போய், குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரி வந்தது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் வருடிய நான்கு வயதினர், ஒருநாள் தாமாகவே எழுதத் தொடங்கினர். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் முன்னோர்க்கு இது வியப்பாகத் தோன்றியிராது. தரையிலும் ரொட்டியின் மேலும் பிள்ளைகள் எழுதக் கண்ட தாய்மார், தாளும் பென்சிலும் வாங்கித் தந்தனர்.

இப்புகழின் பின்னே ஒரு துயரம் இருந்தது. 1898இல் மணவாழ்க்கைக்கு அப்பால் பிறந்த தம் மகன் மரியோவை அம்மையார் நாட்டுப்புறக் குடும்பமொன்றில் வளரவிட நேர்ந்தது. அன்றைய சமூகம் அவ்வுண்மையை அறிந்திருப்பின் அவர் பணி நிலைத்திராது. ஊரார் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தவர், பெற்ற பிள்ளையைத் தம் இல்லத்தில் வளர்க்க இயலவில்லை. மரியோ பதின்பருவத்தில்தான் அன்னையோடு சேர்ந்தார். பின் அவர் பணிக்கே தம்மை ஒப்படைத்தார்.

முசோலினி அரசின் ஆதரவைச் சில ஆண்டுகள் ஏற்றிருந்தது அம்மையார் வாழ்வில் ஒரு நிழலே. குழந்தையின் விடுதலையும் சர்வாதிகாரமும் ஓரிடத்தில் வாழ இயலாமையின் அவ்வுறவு முறிந்தது. 1934இல் அவர் இத்தாலியை நீங்கினார்.

1939 நவம்பரில் அருண்டேல், ருக்மிணி தேவி இணையரின் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கவே, பகை நாட்டவர் என்று மரியோ சிறை முகாமில் வைக்கப்பட்டார். அன்னையின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி அரசு அவரை விடுவித்தது. பின்னர் இருவரும் கொடைக்கானலிலும் தங்கிப் பணி தொடர்ந்தனர்.

இந்திய ஆண்டுகளில் அம்மையாரின் நோக்கு பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள பருவத்திற் பதிந்தது. எவரும் பாடம் நடத்தாமலே குழந்தை தாய்மொழியைத் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. கல்வி பள்ளி வாயிலில் அன்று, தாயின் மடியிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. பெரியோர் பணி சூழலைச் செம்மை செய்வதும், பொறுமையோடு விலகி நின்று காண்பதுமே. இக்கருத்துகளைத் தாங்கிய உள்ளீர்க்கும் மனம் பற்றிய அவர் நூல் 1949இல் அடையாற்றிலிருந்து வெளிவந்தது. செங்கீரை, சப்பாணி, வருகை எனப் பருவம் பருவமாகக் குழந்தையைக் கண்டு மகிழ்ந்த பிள்ளைத்தமிழ் மரபினர்க்கு இப்பார்வை அயலானதன்று.

1952 மே 6இல், நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் அம்மையார் மறைந்தார். நெடுங்காலம் உலகின் முன் உறவினராகவே அறியப்பட்ட மரியோவை அவர்தம் உயில் மகன் என்றே குறித்தது.