சிந்தாமணியும் சாமிநாதையரும்

அருமனைக்குச் சிதறால் மலை தொலைவன்று. பழைய கல்வெட்டுகள் திருச்சாரணத்து மலை என்று குறிக்கும் அக்குன்றில், பாறையில் புடைத்து நிற்கும் தீர்த்தங்கரர் உருவங்களை இவ்வட்டாரத்தார் பலரும் கண்டிருப்பர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், சமணத் துறவியரும் குரத்தியரும் அங்கே வாழ்ந்தனர். பின்னர் அது பகவதி கோயிலாயிற்று. உருவங்கள் இருக்கின்றன, அவற்றின் முன் ஓதப்பட்ட நூல்களின் பொருளைச் சொல்வார் இல்லை. 1880ஆம் ஆண்டின் இறுதியில் கும்பகோணத்தில் இருபத்தைந்து வயதுத் தமிழாசிரியர் ஒருவர் இத்தகைய ஓர் ஊமைப் பாறையின் முன்னேதான் திகைத்து நின்றார். அவர் முன் இருந்தது கல் அன்று, சீவக சிந்தாமணி.

உ. வே. சாமிநாதையரின் இளமை தமிழறிந்தார் அனைவரும் அறிந்ததே. 1855இல் பிறந்தவர். உத்தமதானபுரத்துச் சங்கீத வித்துவான் வேங்கடசுப்பையரின் மகன். 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, 1876இல் ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தங்கினார். 1880 பிப்ரவரியில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என அவர் கற்றிருந்த நூல்களின் பட்டியல் மிக நீண்டது. அப்பட்டியலில் அவருக்குப் பெருமிதமும் இருந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களை வரிசையாக அடுக்கினார். முதலியார் சிறிதும் வியக்கவில்லை. இவற்றால் பயன் என்ன என்ற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டோ என வினவினார். இல்லை என்பதே விடை. சில நாட்களில் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்று சாமிநாதையரின் கைக்கு வந்தது. முதலியாரும் அதைப் பாடம் கேட்க விரும்பினார். தாம் அறியாத நூலை மற்றொருவருக்குப் பாடம் சொல்லும் இக்கட்டு அப்படித்தான் தொடங்கிற்று.

நூலுக்குள் புகுந்தவுடனே கால் தட்டியது. திருத்தக்கதேவரின் செய்யுள் ஒருபுறம். நச்சினார்க்கினியரின் உரை மறுபுறம். உரை உதவுமென்று போனால், அது செய்யுளினும் கடிதாக இருந்தது. பல பாடல்களுக்கு அப்பால் கிடக்கும் சொல்லைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்வது அவ்வுரையாசிரியர் இயல்பு. அதனையேனும் இலக்கண அறிவு கொண்டு அவிழ்க்கலாம். சமண சமயக் கருத்துகள் வந்த இடங்களில் அவ்வறிவு செல்லவில்லை. சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அச்சொற்களைக் கேட்ட பழக்கமும் இல்லை. மீண்டும் மீண்டும் படித்தார். முடிச்சு இறுகியதே தவிரத் தளரவில்லை.

ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த தமிழ்த்தாத்தா என்னும் சித்திரமே பலர் மனத்திலும் பதிந்துள்ளது. ஆனால் சிந்தாமணி வரலாற்றில் பெரிய திருப்பம் ஏட்டால் வந்ததன்று. அந்நூலைத் தம் நூலாகக் கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று அவர் விசாரித்தார்; அதனால் வந்தது. கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர் என்று அறிமுகமான ஒருவர் தெரிவித்தார். ஆசிரியர் சந்திரநாத செட்டியார் என்பவரின் இல்லத்துக்குச் சென்றார். வாயிலில் தோரணமும் கோலமுமாக விழாக்கோலம். என்ன விசேடம் என்று விசாரித்தவருக்குக் கிடைத்த விடை நம்புதற்கரியது. அவ்வீட்டில் மாதக்கணக்கில் சிந்தாமணி படனம் நடந்து, அன்று நிறைவெய்துகிறதாம்!

கல்லூரியாசிரியர் ஒருவர் தனியே இருந்து முட்டிக்கொண்டிருந்த காப்பியத்தை, அதே ஊரில் சிலர் வீட்டில் வைத்துப் பக்தியோடு ஓதிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு அது இலக்கிய ஆராய்ச்சி அன்று, புண்ணிய நூல். விளங்காத இடங்களை அவர் கேட்கக் கேட்க, அவர்கள் அன்றாடப் பேச்சுப் போல விடை கூறினர். அடிக்கடி அங்கே போய்வரலானார். அவருடைய ஈடுபாட்டைக் கண்ட சமணப் பெண்மணி ஒருவர், இவர் பவ்விய ஜீவனாக இருக்க வேண்டுமென்று வியந்தாராம். வீடுபேற்றுக்குரிய பக்குவம் பெற்ற உயிரை அவ்வாறு சொல்வது அவர்கள் வழக்கு. பிற்காலத்தில் அவரை அடைந்த மகாமகோபாத்தியாயப் பட்டத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

சைவப் புலவர் ஒருவர் சமணர் இல்லத்தில் மாணவராக அமர்வது அக்காலத்தில் எளிதான செயல் என்று எண்ணிவிடலாகாது. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கியிருந்ததைக் கண்டே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபில் வழங்கும் செய்தி. அம்மரபில் ஊறியவர்க்குச் சிந்தாமணி விலக்கத்தக்க நூலே. சாமிநாதையரோ திருநீற்றைத் துறக்கவும் இல்லை, கேள்வியை விடவும் இல்லை.

சமய முடிச்சு அவிழ்ந்தபின் இன்னொன்று எஞ்சியது. நச்சினார்க்கினியர் பழம்பாடல்களை நூற்பெயர் சொல்லாமல் மேற்கோளாக எடுத்தாள்பவர். அவை எந்நூலைச் சேர்ந்தவை எனத் தெரியவில்லை. திருவாவடுதுறை மடத்தின் பழைய கட்டுகளைப் புரட்டியபோது, கவனிப்பாரற்றுக் கிடந்த எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏடுகள் அகப்பட்டன. மேற்கோள்களின் ஊற்றுக்கண் அங்கே இருந்தது. ஒரு நூலில் நேர்ந்த தடையே அவரைச் சங்க இலக்கியத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது என்றால் மிகையாகாது. இதற்கிடையில் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பதும் சொற்களுக்கு அகராதி அமைப்பதும் இரவு பகலாக நடந்தன.

1886இல் சென்னையில் அச்சு வேலை தொடங்கியது. அதற்கு முன்பே, பழந்தமிழ்ப் பதிப்பில் மூத்தவரான யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிக் கேட்டிருந்தார். அவர் அனுபவம் பெரிது. ஐயருக்கோ பதிப்புத் துறை புதிது. பாரத்தை இறக்கிவைக்க அது நல்ல வழியாகவே தோன்றியிருக்கும். ஆயினும் கொடுக்க மனம் ஒப்பவில்லை. கையொப்பப் பணம் போதாமல் கடன்பட்டும், கல்லூரி வேலைக்கு இடையே அச்சுத்தாள்களைத் திருத்தியும், 1887 அக்டோபரில் நூலை முடித்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்கள், நாமகள் இலம்பகம் முதலாகப் பதின்மூன்று இலம்பகங்கள், நச்சினார்க்கினியர் உரையுடன். கையெழுத்துப் பிரதியைத் தந்த முதலியார் அச்சு நூலைக் கண்ணாரக் கண்டார். 1892இல் அவர் காலமானார்.

பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. மணிமேகலைக்கு வந்தபோது பழைய தடையே வேறு உருவில் எதிர்ப்பட்டது. இம்முறை பௌத்தம். கேட்டறிவதற்குக் கும்பகோணத்தில் பௌத்தர் இல்லை. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்நூல் 1898இல் வெளிவந்தது. சிந்தாமணியை முடித்துவிட்டதாகவும் அவர் இருந்துவிடவில்லை. புதிதாகக் கிடைத்த பிரதிகளைக்கொண்டு திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார்.

முதுமையில் ஆனந்த விகடனில் அவர் எழுதிவந்த வாழ்க்கை வரலாறு, 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தபோது நிறைவு பெறாமல் இருந்தது. அதன் மீதிக் கதையை மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் தனி நூலாக எழுதினார்.