வட்டத்துக்குள் ஓர் உலகம்

நுழையும்முன்

ஒரு கூற்று உண்மையென்று காட்டுவதற்கு நிறுவல் வேண்டும். ஒரு கூற்றை நிறுவவே இயலாது என்று காட்டுவதற்கு என்ன வேண்டும்? கணித அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு கூற்றை நிறுவ முயன்று தோற்றனர். அக்கூற்றை மறுத்தாலும் முரணில்லாத ஒரு வடிவியலைப் படைக்க முடியும் என்று இரஷ்ய நாட்டு அறிஞர் ஒருவர் துணிந்து உரைத்தார். அவர் உரைத்தது பிழையன்று என்பதற்குரிய சான்று கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. அவ்வறிஞரின் வாழ்வையும், கோட்பாடு, மாதிரி என்னும் இரு கருத்துகளின் உறவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வோல்கா ஆற்றங்கரையில்

நிக்கோலாய் இவானோவிச் லோபசேவ்ஸ்கி 1792ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் இரஷ்யாவின் நிஷ்னி நவ்கோரத் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை சூழ்ந்த நிலையில் அவருடைய தாய் மூன்று மைந்தர்களையும் அழைத்துக்கொண்டு கிழக்கே உள்ள கசான் நகருக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரமும் வோல்கா ஆற்றின் கரையிலேயே அமைந்தது. 1802ஆம் ஆண்டில் மூன்று சிறுவர்களும் அரசின் உதவித்தொகையோடு அங்குள்ள பள்ளியில் சேர்ந்தனர். அத்தாய் எடுத்த முடிவே பின்னாளில் கணித உலகின் போக்கை மாற்றிய ஒரு வாழ்வுக்கு வித்தாக அமைந்தது.

1807ஆம் ஆண்டில், தம் பதினான்காம் அகவையில், புதிதாகத் தோன்றியிருந்த கசான் பல்கலைக்கழகத்தில் லோபசேவ்ஸ்கி மாணவரானார். அங்கே மார்ட்டின் பார்ட்டெல்ஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் அவருக்குக் கணிதம் கற்பித்தார். மாமேதை காஸ் சிறுவனாகப் பயின்ற பள்ளியில் துணையாசிரியராக இருந்து அவருக்கு ஊக்கமளித்தவரும் இதே பார்ட்டெல்ஸ்தான். நல்லாசிரியர் ஒருவர் இரு மேதைகளை இனங்கண்டார் என்பது ஆசிரியத் தொழிலுக்கே பெருமை தருவதாகும். இளைஞர் லோபசேவ்ஸ்கி கட்டுக்கடங்காத இயல்பினர். பல்கலைக்கழக அதிகாரிகளின் சினத்துக்குப் பலமுறை ஆளானார். பேராசிரியர்கள் சிலர் அவருக்குத் துணைநின்றனர். 1811ஆம் ஆண்டில் அவர் முதுகலைப் பட்டம் பெற்றார்; 1822இல் முழுநிலைப் பேராசிரியரானார்.

ஐந்தாம் எடுகோள்

கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட், வடிவியலை ஐந்து எடுகோள்களின் மீது எழுப்பினார். நிறுவலின்றி ஏற்றுக்கொள்ளப்படும் தொடக்கக் கூற்றே எடுகோள் ஆகும். இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம், எந்த மையத்திலும் எந்த ஆரத்திலும் வட்டம் வரையலாம் என்பன போன்ற முதல் நான்கும் எளியவை. ஐந்தாவது மட்டும் நீளமானது. எளிதில் உள்ளத்தில் பதியாதது. பிற்காலத்தார் அதனை எளிமையாக்கி, ஒரு கோட்டின் மேல் அமையாத ஒரு புள்ளி வழியே அக்கோட்டிற்கு ஓர் இணைகோடு மட்டுமே வரைய இயலும் என்று உரைத்தனர்.

இஃது எடுகோளாக இருக்கத் தேவையில்லை, முதல் நான்கிலிருந்தே பெறப்படும் தேற்றமாக இருக்கலாம் என அறிஞர்கள் ஐயுற்றனர். கிரேக்கரும் அரேபியரும் பாரசீகரும் ஐரோப்பியரும் அதனை நிறுவ முயன்றனர். ஒவ்வொரு நிறுவலிலும் ஐந்தாம் எடுகோளே வேறு வடிவில் மறைந்திருந்தது பின்னர் வெளிப்பட்டது. லோபசேவ்ஸ்கியும் தொடக்கத்தில் அதனை நிறுவவே முயன்றார். தம் முயற்சியில் இருந்த குறையைத் தாமே உணர்ந்தபோது அவர் வேறு திசையில் சிந்திக்கத் தொடங்கினார்.

கோட்பாடும் மாதிரியும்

லோபசேவ்ஸ்கி எதிர்கொண்ட இடரை உணர, அளவையியலில் வழங்கும் இரு சொற்களை அறிதல் வேண்டும். சில எடுகோள்களும் அவற்றிலிருந்து முறையாகப் பெறப்படும் முடிவுகளும் சேர்ந்த தொகுதி கோட்பாடு எனப்படும். அக்கோட்பாட்டின் கூற்றுகள் அனைத்தும் உண்மையாக அமையும் ஓர் அமைப்பு, அதன் மாதிரி எனப்படும். வீட்டைக் கட்டுமுன் அட்டையில் செய்து பார்க்கும் சிறு வடிவத்தை நாம் மாதிரி என்கிறோம். அளவையியல் கூறும் மாதிரி அத்தகைய நகல் அன்று; விதிகள் அனைத்துக்கும் இணங்கி நிற்கும் ஒன்றே இங்கு மாதிரியாகும்.

நம் யாப்பிலக்கணத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். வெண்பாவுக்குரிய சீர்களே வருதல் வேண்டும். வெண்டளை பிறழாதிருத்தல் வேண்டும். ஈற்றடி முச்சீராகவும் ஏனைய அடிகள் நாற்சீராகவும் அமைதல் வேண்டும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். இவ்விதிகளைக் கோட்பாடாகக் கொண்டால், இவற்றை நிறைவுசெய்யும் ஒவ்வொரு செய்யுளும் அதன் மாதிரியாகும். இவ்விதிகளிலிருந்தே வெண்பா நான்கடியாகத்தான் வரும் என்பது பெறப்படுகிறது என ஒருவர் வாதிடுவதாகக் கொள்வோம். அவரை மறுக்க நீண்ட வாதம் வேண்டுவதில்லை. ஒரு குறள் வெண்பாவை எடுத்துக்காட்டினால் போதும். விதிகள் அனைத்தும் அதில் நிறைவேறியுள்ளன, அடிகளோ இரண்டே. ஆகவே, நான்கடி என்பது அவ்விதிகளிலிருந்து பெறப்படும் முடிவு அன்று.

வடிவியலிலும் இதே முறை பொருந்தும். முதல் நான்கு எடுகோள்களும் உண்மையாகி, ஐந்தாவது மட்டும் பொய்யாகும் ஓர் அமைப்பைக் காட்டிவிட்டால், ஐந்தாவதை ஏனைய நான்கிலிருந்து நிறுவவே இயலாது என்பது தெளிவாகும். ஆனால், அத்தகைய அமைப்பு ஒன்று லோபசேவ்ஸ்கியின் காலத்தில் எவர் கையிலும் இல்லை. அவரிடம் இருந்தது கோட்பாடு மட்டுமே.

புதிய வடிவியல்

1826ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் லோபசேவ்ஸ்கி தம் கருத்துகளைக் கசான் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள்முன் வைத்தார். ஒரு புள்ளி வழியே ஒரு கோட்டைச் சந்திக்காத கோடுகள் பல உண்டு எனக் கொண்டால் என்ன விளையும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. அதிலிருந்து வியப்பூட்டும் முடிவுகள் பிறந்தன. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைவாயிற்று. முக்கோணம் பெரிதாகப் பெரிதாக அக்குறைவும் மிகுந்தது. உருவம் ஒத்து அளவு மட்டும் வேறுபட்ட இரு முக்கோணங்கள் அங்கே இருக்க இயலவில்லை.

அக்கட்டுரையை ஆராயுமாறு பணிக்கப்பட்டவர்கள் எக்கருத்தும் தெரிவிக்கவில்லை. கையெழுத்துப்படியும் தொலைந்துபோயிற்று. லோபசேவ்ஸ்கி மனம் தளராமல் 1829, 1830ஆம் ஆண்டுகளில் பல்கலைக்கழக இதழில் தம் ஆய்வை விரிவாக வெளியிட்டார். அது தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அறிவியல் கழகத்துக்கு அனுப்பப்பட்டது. புகழ்பெற்ற கணித அறிஞரான ஆஸ்த்ரோகிராட்ஸ்கி அதனைக் கவனத்துக்குத் தகுதியற்றது எனத் தள்ளினார். 1834இல் தலைநகர் இதழொன்று பெயர் குறிப்பிடாத கட்டுரையில் அவரை எள்ளி நகையாடியது. அவர் எழுதியனுப்பிய மறுமொழியை அவ்விதழ் வெளியிடவில்லை.

ஏளனம் ஒருபுறம் இருக்க, அவருள் எழுந்திருக்க வேண்டிய வினா அதனினும் கடுமையானது. நூறு தேற்றங்களில் முரண்பாடு தோன்றவில்லை. நூற்றோராவது தேற்றத்தில் தோன்றாது என்பதற்கு என்ன உறுதி? முரண்பாடு ஒன்றே ஒன்று வெளிப்பட்டாலும் கட்டடம் முழுதும் சரிந்துவிடும். தம் வாய்பாடுகள், கோளத்தின் மேல் வரையும் முக்கோணங்களுக்குரிய வாய்பாடுகளோடு நெருங்கிய உறவுடையவை என்பதை அவர் கண்டறிந்தார். ஆகவே முரண்பாடு தோன்றாது என்று நம்பினார். அந்நம்பிக்கைக்கு அடிப்படை இருந்தது. முழுமையான சான்று மட்டும் அமையவில்லை. விண்மீன்களின் தொலைவுகளைக் கொண்டு வானத்து முக்கோணங்களையும் அவர் கணக்கிட்டுப் பார்த்தார். அக்காலக் கருவிகளால் அளந்தறியும் அளவுக்கு வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

பல்கலைக்கழகத்தின் காவலர்

புறக்கணிப்பு அவரை முடக்கவில்லை. 1827 முதல் 1846 வரை பத்தொன்பது ஆண்டுகள் அவர் கசான் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பணியாற்றினார். நூலகத்தைத் தாமே பொறுப்பேற்று ஒழுங்குபடுத்தினார். 1830ஆம் ஆண்டில் கசானைக் காலரா தாக்கியபோது, ஆசிரியர்களின் குடும்பங்களையும் மாணவர்களையும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் தங்கவைத்து, வெளித்தொடர்பைக் கட்டுப்படுத்தித் தூய்மையைக் கடுமையாகப் பேணினார். அதனால் அங்கு உயிரிழப்பு மிகக் குறைந்தது. 1842இல் நகரின் பெரும்பகுதியை எரித்த தீ வளாகத்தையும் தாக்கியது. நூல்களும் வானியல் கருவிகளும் மீட்கப்பட்டன. எரிந்த கட்டடங்கள் அவர் முயற்சியால் மீண்டும் எழுந்தன.

இதே காலத்தில் அங்கேரி நாட்டு இளைஞர் யானோஷ் போயாய், இதே வடிவியலைத் தாமாகவே கண்டறிந்து 1832இல் வெளியிட்டார். ஜெர்மனியில் காஸும் இம்முடிவுகளை அறிந்திருந்தார்; எதிர்ப்புக்கு அஞ்சி வெளியிடாமல் இருந்தார். லோபசேவ்ஸ்கி 1840இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறுநூலைக் கண்டு காஸ் மகிழ்ந்தார். அவருடைய முயற்சியால் கோட்டிங்கன் அறிவியல் கழகம் 1842இல் லோபசேவ்ஸ்கியைத் தன் உறுப்பினராக்கியது. எனினும், அவ்வடிவியலைத் தாம் ஏற்பதாகக் காஸ் வெளிப்படையாக எழுதவில்லை.

இருள் சூழ்ந்த இறுதி

1846ஆம் ஆண்டில் லோபசேவ்ஸ்கி தலைவர் பதவியிலிருந்தும் பேராசிரியர் பணியிலிருந்தும் நீக்கப்பட்டார். செல்வம் குறைந்தது, உடல் நலிந்தது, அன்பு மூத்த மகன் காசநோய்க்கு இரையானார். கண்பார்வையும் படிப்படியாக மறைந்தது. வடிவங்களைப் பற்றி வாழ்நாள் முழுதும் சிந்தித்தவரால் ஒரு கோட்டையும் காண இயலாமற்போயிற்று. எனினும், 1855இல் கசான் பல்கலைக்கழகம் பொன்விழாக் கண்டபோது, தம் வடிவியல் முழுவதையும் விளக்கும் நூலைச் சொல்லச் சொல்லப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். தம்மைப் பணியிலிருந்து நீக்கிய நிறுவனத்தின் விழாவுக்கு அவர் அளித்த காணிக்கை அது. 1856ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

சான்றாக வந்த மாதிரி

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1868இல் இத்தாலி நாட்டுக் கணித அறிஞர் பெல்ட்ராமி, லோபசேவ்ஸ்கியின் கோட்பாட்டுக்கு ஒரு மாதிரியை யூக்ளிடின் வடிவியலுக்குள்ளேயே கண்டுகாட்டினார். 1871இல் ஜெர்மானிய அறிஞர் பெலிக்ஸ் கிளைன் அதனை மேலும் தெளிவுபடுத்தினார். நாமும் அதனைத் தாளில் வரைந்து பார்க்கலாம்.

ஒரு வட்டம் வரைவோம். வட்டத்தின் உட்பகுதி மட்டுமே உலகம் எனக் கொள்வோம். உள்ளிருக்கும் புள்ளிகளே புள்ளிகள். வட்டத்தின் நாண்களே நேர்கோடுகள். வட்டத்தின் விளிம்பு அவ்வுலகில் சேராது. தொலைவை அளக்கும் முறையும் வேறு: விளிம்பை நெருங்க நெருங்கத் தொலைவு எல்லையின்றி வளரும். ஆதலால் அவ்வுலகில் நடப்பவர் விளிம்பை ஒருநாளும் எட்டார். இதற்கேற்பக் கோணத்தை அளக்கும் முறையையும் வகுத்துக்கொண்டால், முதல் நான்கு எடுகோள்களும் அங்கே உண்மையாகின்றன. இப்போது ஒரு நாணையும் அதன்மேல் அமையாத ஒரு புள்ளியையும் எடுத்துக்கொள்வோம். அப்புள்ளி வழியே, முதல் நாணை வட்டத்துக்குள் சந்திக்காத நாண்களை எண்ணற்ற அளவில் வரையலாம். ஐந்தாம் எடுகோள் அங்கே பொய்யாகிறது!

இதனால் இரண்டு உண்மைகள் நிலைபெற்றன. ஐந்தாம் எடுகோளை ஏனையவற்றிலிருந்து நிறுவ இயலாது என்பது ஒன்று. லோபசேவ்ஸ்கியின் வடிவியலில் முரண்பாடு இருக்குமாயின், அது வட்டமும் நாணுமாக மாறி யூக்ளிடின் வடிவியலிலும் தோன்றியே தீரும் என்பது மற்றொன்று. யூக்ளிடை நம்புவோர் லோபசேவ்ஸ்கியை ஐயுறுவதற்கு இனி இடமில்லை. முப்பது ஆண்டுகள் அவர் தனித்து நின்று காத்த கோட்பாட்டுக்குப் பள்ளி மாணவரும் வரையக்கூடிய ஒரு வட்டம் துணையாயிற்று.

தெரிந்து தெளிவோம்

1899இல் டேவிட் ஹில்பர்ட் வடிவியலின் எடுகோள்களுள் எவை பிறவற்றைச் சாராதவை என்பதை மாதிரிகளைக் கொண்டே ஆராய்ந்தார். இருபதாம் நூற்றாண்டில் போலந்தில் பிறந்த ஆல்ஃபிரட் தார்ஸ்கி முதலியோரின் உழைப்பால் மாதிரிக் கோட்பாடு அளவையியலின் தனித்துறையாக வளர்ந்தது. எண்ணற்றவற்றின் அளவைப் பற்றிக் கேன்ட்டர் முன்வைத்த கருதுகோள் ஒன்றைக் கணங்களின் வழக்கமான எடுகோள்களிலிருந்து மறுக்க இயலாது எனக் குர்ட் கோடலும், நிறுவ இயலாது என 1963இல் பால் கோஹனும் மாதிரிகளின் வழியே காட்டினர்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வட்டம் வரைந்து, அதில் ஒரு நாணையும் அதன்மேல் அமையாத ஒரு புள்ளியையும் குறிக்க. அப்புள்ளி வழியே, அந்நாணை வட்டத்துக்குள் சந்திக்காத மூன்று நாண்களை வரைந்து வகுப்பில் விளக்குக.

2. ஆசிரியப்பாவின் விதிகளைக் கோட்பாடாகக் கொண்டு, அதற்கு மாதிரியாக அமையும் செய்யுள் ஒன்றையும் அமையாத செய்யுள் ஒன்றையும் கண்டறிந்து காரணம் கூறுக.

3. எதிர்ப்புக்கு அஞ்சிக் காஸ் அமைதி காத்தார். லோபசேவ்ஸ்கி ஏளனத்தை ஏற்று வெளியிட்டார். இவ்விருவருள் எவர் செயல் உமக்கு ஏற்புடையது? ஒரு பக்க அளவில் எழுதுக.